கொட்டை உடைத்த கையும் கைரேகைத் துப்பாக்கியும்

என் கட்டைவிரலை ஒரு துப்பாக்கி நம்பவில்லை என்றால் சிரிப்பீர்கள். இப்போது நானும் சிரிப்பேன். அன்று கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நெய்வேலியில், சுரங்க வாசலில், பாதுகாப்புப் படையில் எனக்கு வேலை. பெண் காவலர் என்று பெயர்தான் பெரிது. ஷிப்ட் முடிந்து வரும் கான்ட்ராக்ட் பெண்களின் பையையும் டிபன் டப்பாவையும் திறந்து பார்த்து, செம்புக் கம்பி இல்லை என்று அனுப்புவதுதான் ஆறு வருட உத்தியோகம். என்னோடு சேர்ந்த ஆண்கள் ஆயுதக் காவலுக்குப் போய்விட்டார்கள். சுடும் பயிற்சியில் அவர்களில் பாதிப் பேரைவிட எனக்குக் குறி நன்றாக விழும். இடுப்பில் துப்பாக்கியோடு அந்த வாசலில் ஒரு நாளாவது நிற்க வேண்டும் என்று ஏங்கினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போதுதான் ஒரு கம்பெனி, சொந்தக்காரர் கைக்கு மட்டும் சுடும் துப்பாக்கியைச் சோதனைக்குக் கொண்டுவந்தது. பிடியில் ரேகை பார்க்கும் சின்னக் கண்ணாடி. நம் கட்டைவிரல் என்றால் பச்சை விளக்கு, வேறு யாருடையது என்றாலும் சிவப்பு, விசை நகராது. திருடன் பிடுங்கினாலும் நம்மைச் சுட முடியாது. சோதனைக்கு ஐந்து பேர், ஐந்தாவது ஆள் நான். தேறினால் ஆயுதக் காவலுக்கு மாற்றுவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். ரேகையைப் பதிந்துகொண்டார்கள். சோதனைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அம்மாவிடம் சொல்ல விடுப்பு எடுத்துக்கொண்டு காடாம்புலியூருக்கு ஓடினேன்.

அம்மா முந்திரிக்கொட்டை உடைப்பவள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். என்ன பூசினாலும் முப்பது வருடத்தில் ரேகை மிஞ்சுமா? ஆதாருக்குப் போனபோது அம்மாவின் பத்து விரலில் ஒன்றுகூடப் பதியவில்லை. அதனாலேயே என்னைக் கொட்டைப் பக்கம் அவள் விட்டதில்லை.

நான் போன அன்று அவளுக்குக் காய்ச்சல். திங்கட்கிழமைக்குள் இரண்டு மூட்டை உடைத்துத் தர வேண்டும். நான் போய்க் கொட்டை உடைக்கும் கட்டையை எடுத்தேன்.

"வைய்யி கீழ. துப்பாக்கி புடிக்கிற கைய வச்சிகினு இங்க ஏன் வந்து குந்தற?"

"நீ செத்த படும்மா. ரெண்டு மூட்டதான?"

"சாம்பலயாவது நல்லா பூசிக்க."

பூசினேன். பழகாத கை, கொட்டையைவிட விரலில்தான் அடி அதிகம். வேலை செய்யும்போது வாயே திறக்காத அம்மா, அந்த இரண்டு நாளும் படுத்துக்கொண்டு பேசித் தீர்த்தாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கையைப் பார்த்துவிடக் கூடாதென்று விரல் முழுக்க மருதாணியை அப்பிக்கொண்டாளாம். அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு விரல் ஞாபகமே வரவில்லை. தவிர, ரேகையைத்தான் பதிந்தாகிவிட்டதே, அது அங்கே பத்திரமாக இருக்கும் என்று நினைத்த புத்திசாலி நான்.

ஒரு வாரத்தில் விரல் கறுத்து, தோல் உரிந்து, வழவழவென்று ஆகிவிட்டது. தேங்காய் எண்ணெயைத் தடவினேன். வேண்டாத சாமி இல்லை.

சோதனையன்று முதல் ஆள் கையில் நிலக்கரித் தூசி. மூன்று முறை பேண்ட்டில் துடைத்த பிறகு பச்சை வந்தது. இன்னொருவருக்கு வியர்வை, ஒரு சிவப்புக்குப் பின் பச்சை. எனக்குச் சிவப்பு. மறுபடியும் சிவப்பு. வைக்க வைக்கச் சிவப்பு.

"கையில என்னம்மா ஆச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கொட்ட ஒடச்சேன் சார்."

கம்பெனிக்காரர் சமாதானமாக, "ஒரு மாசம் கழிச்சு மறுபடி பதிஞ்சுக்கலாம் மேடம்" என்றார்.

"அதுவரைக்கும் திருடன் காத்துக்கிட்டு இருப்பானா?" என்று இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார். "கரி படாத கை, வேர்க்காத கை, கொட்ட உடைக்காத கை. இந்த ஊர்ல அதுக்கு எங்க போறது?"

பிறகு என்ன நினைத்தாரோ, பழைய துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். ஐந்து குண்டும் நடுவில் விழுந்தன. அந்தத் துப்பாக்கி என்னை யாரென்று கேட்கவில்லை. ஆனால் சோதனை அதற்கில்லையே. புதுத் துப்பாக்கி பெட்டியில் ஏறிப் போனது, என் மாறுதலும் கூடவே போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மறுநாள் காலை மறுபடியும் டிபன் டப்பா.

அந்த வாரமே ஊருக்குப் போனபோது அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. என் கட்டைவிரலை எடுத்துத் தன் விரலால் தடவிப் பார்த்தாள். "ஏங் கையிதான் இப்பிடிப் பூட்டுதுன்னா, ஒன் கையுமா?" என்று அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. "விடும்மா, தொணதொணக்காத" என்று கையை இழுத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். அதற்கு இரண்டு வருடம் கழித்து ஆயுதக் காவல் கிடைத்தது, பழைய துப்பாக்கியோடுதான். அந்த ஆசை தீர்ந்தது.

இப்போது டூட்டி முடிந்ததும் போனில் கட்டைவிரலை வைக்கிறேன். உடனே திறக்கிறது. உரிந்து கிடந்த அந்தச் சில வாரங்கள் என் விரல் அச்சு அசல் அம்மாவின் விரல். தேங்காய் எண்ணெய் போட்டுப் போட்டு அதை நானே விரட்டினேன். ஒரு நாளாவது இந்தப் போன் என்னைத் தெரியாது என்று சொல்லாதா?