லொறிக்காரத் தம்பிஐயாவின் டொக்டர்

கண் டொக்டர் சண்முகநாதன் லொறிக்காரத் தம்பிஐயாவுக்கு இரண்டாயிரம் ரூபாய் கடன். காங்கேசன்துறையில் இதை அறியாதவர் கிடையாது. அறியாதவரைத் தம்பிஐயா விட்டுவைத்ததும் கிடையாது.

தம்பிஐயா இரண்டாம் வகுப்போடு சிலேட்டை வீசியவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து, சீமெந்துத் தொழிற்சாலை வந்த பிறகு பழைய லொறி ஒன்று வாங்கி, அதை மூன்றாக்கியவர். யாருடைய கையையும் பார்த்து நின்ற மனுசன் அல்ல. 1956இல் தோணிக்கார இளையதம்பியின் மகன் சண்முகநாதன் கொழும்பில் டொக்டருக்குப் படிக்க எடுபட்டான். படிப்பு இலவசம்தான். இருக்க இடமும் சாப்பாடும் சப்பாத்தும் இலவசமா? இளையதம்பிக்கு இருந்தது ஒரு தோணியில் பாதிப் பங்கு. தம்பிஐயா மடியை அவிழ்த்து ஆயிரம் ரூபாயை எடுத்து வைத்தார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. ஐம்பத்தெட்டில் கொழும்பில் தமிழரை அடித்த கலவரத்தில் பொடியன் உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கினான். புத்தகமெல்லாம் போய்விட்டன.

"உதுக்கேன் அழுகிறாய்? புத்தகம் கடையிலை கிடக்கும்" என்று இன்னோர் ஆயிரம் கொடுத்தார்.

பொடியன் அந்தக் காசை வீணாக்கவில்லை. டொக்டராகி, லண்டனில் கண் வைத்தியமும் படித்து, அறுபத்தெட்டில் யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார். கொழும்பில் கூப்பிட்டார்கள், வெளிநாட்டிலும் கூப்பிட்டார்கள், அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உடுவில், அரியாலை என்று ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட வாங்குகளை அடுக்கி, சனத்தை அவற்றில் இருத்திக் கண் பார்த்தார். கத்தி பட்டால் கண் அவிந்துபோகும் என்று பச்சிலைச் சாறு விட்டுக்கொண்டிருந்த சனம், அவர் பெயரைக் கேட்டாலே பாயைச் சுருட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டது. அவரிடம் கை பழகிய இளம் டொக்டர்மார் மட்டக்களப்பு வரை போய்ப் பேர் எடுத்தார்கள். எங்கள் கடற்கரையில் பிறந்த பிள்ளை!

கண் தெரியாதவர்களை ஏற்றி இறக்கியது தம்பிஐயாவின் லொறி. வாடகை வாங்கமாட்டார். வழி நெடுக அவர் கதையைக் கேட்டால் போதும்.

"அவன்ரை கையிலை மினுங்கிற கத்தி இருக்கே, அது என்ரை காசு."

டொக்டர் கடனைத் தீர்க்கப் பார்க்காமல் இல்லை. முதற்சம்பளத்தோடு வந்தார். "வை பொக்கற்றுக்கை. எனக்கென்ன அரிசிக்குக் காசில்லையோ?" என்று தம்பிஐயா திருப்பி அனுப்பினார். லண்டனால் வந்ததும் கொண்டுவந்தார், அதே பதில். தம்பிஐயாவின் மகளின் கலியாணத்தில் கடித உறைக்குள் வைத்துக் கொடுத்தார். விடிந்ததும் டிரைவர் சூசைதாசன் அந்த உறையோடு டொக்டர் வீட்டு வாசலில் நின்றான்.

"தாற காசை ஏனப்பா வாங்கிறியள் இல்லை?" என்று மனைவி பூரணம் கேட்டார்.

"வாங்கினால் அவன் ஆரோ, நான் ஆரோ."

டொக்டரின் தாய் மீனாம்பிகைக்கு இது நெஞ்சில் முள். சந்தையில் அவரைக் கண்டால் "தம்பிஐயாவின்ரை டொக்டரின்ரை தாய்" என்றுதான் சொல்வார்கள். "பெத்தது நான், பேர் அவருக்கோ?" என்று மகனிடம் பொருமுவார்.

எழுபத்தொன்பதில் தம்பிஐயாவின் கண்களில் வெள்ளை படர்ந்தது. குரலை வைத்து ஆளைப் பிடித்துச் சமாளித்தார். ஒருநாள் சந்தியில், வெள்ளை வேட்டியோடு வந்த ஒருவரைக் கைகூப்பிக் கும்பிட்டு, "வாங்கோ சம்பந்தி, எப்ப வந்தனீங்கள்?" என்றார்.

"முதலாளி, நான் சூசைதாசன்."

சந்தியே சிரித்தது. அடுத்தநாள் பூரணம் அவரை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"வெட்டினால் தெரியும் அண்ணை" என்றார் டொக்டர். "ஆனால் முதல் என்ரை கடனை வாங்குங்கோ. கடன்காரன் கையிலை கண்ணைக் குடுக்கலாமோ?"

"எனக்கு இப்ப நோட்டும் ஒண்டுதான், வெத்திலையும் ஒண்டுதான். கண்ணைத் திறந்து விடு. தெரிஞ்சால் வாங்கிறன்."

"சொன்னால் சொன்னதோ?"

"ஓம். தம்பிஐயா எப்ப சொல்லு மாறினவன்?"

தெரிந்தால் கண் லாபம், தெரியாவிட்டால் கடன் மிச்சம் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டார்.

கண்ணைக் கட்டி, அசையாமல் படுக்கவைத்தார்கள். வாய்க்குக் கட்டுப் போடவில்லை. தாதி பெர்னடெட் கிட்ட வந்ததும் தொடங்கினார்: "பிள்ளை, உவரைப் படிப்பிச்சது ஆர் தெரியுமே?"

"தெரியும் ஐயா. இந்த வாட்டிலை படுக்கிற ஒவ்வொருத்தரும் தான்தான் படிப்பிச்சதெண்டு சொல்லுகினம்."

மற்றவர்கள் சொன்னது வெறும் சொல்லு, தன்னிடம் அல்லவா கடன் நிற்கிறது என்று தம்பிஐயா மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்துத் தடித்த கண்ணாடி வந்தது. டொக்டர் தம் கையாலேயே மாட்டிவிட்டார். கதவு திறந்திருந்தது. வெளியே வாங்குகளில் சனம். தம்பிஐயாவுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. டொக்டரின் காதோர நரைகூட. மேசையில் நோட்டுக்கட்டும் தெரிந்தது. அதை வாங்கிவிட்டால் அவன் ஆரோ, தான் ஆரோ!

"தெரியுதோ அண்ணை?"

"புகைச்சலாக் கிடக்கு."

"இந்த எழுத்து?"

"எனக்கு எழுத்து எந்தக் காலத்திலை தெரிஞ்சது?"

டொக்டரின் முகம் வாடியது. வெளிச்சம் அடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "என்ரை கையிலைதான் ஏதோ பிழை" என்று மெல்லச் சொன்னார். வெளியே முணுமுணுப்பு எழுந்தது. "சொந்த மனுசருக்கே சரிவரேல்லையாம்." குடையோடு இருந்த ஒரு கிழவி எழும்பி, "வா மோனை, வீட்டை போவம். எனக்கு வெட்டு வேண்டாம்" என்று மகனின் கையைப் பிடித்தாள்.

தம்பிஐயாவுக்குச் சுருக்கென்றது. இருபத்து மூன்று வருசம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பேர், அவர் வாயாலேயே விழப் பார்த்தது.

"எணை அக்கா, நில்லுங்கோ!" என்று கத்தினார். "உங்கடை குடையிலை ஒரு கம்பி முறிஞ்சு கிடக்கு. அதுகூட இஞ்சை இருந்து தெரியுது. வெட்டினவன் ஆர் எண்டு நினைச்சியள்? எங்கடை காங்கேசன்துறையான். இருந்து கண்ணைக் காட்டிப்போட்டுப் போங்கோ."

கிழவி குடையை விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள். வாங்கு முழுக்கச் சிரிப்பு.

தம்பிஐயா டொக்டர் பக்கம் திரும்பி, கையை விரித்து நீட்டினார்.

"எண்ணு தம்பி. எல்லாருக்கும் கேட்க எண்ணு. வட்டி ஒரு சதமும் வேண்டாம்."

டொக்டர் கட்டை அவிழ்த்து, நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி அந்தக் காய்த்துப்போன உள்ளங்கையில் வைத்தார்.