போத்தலின் சிவப்புத் துணி

ஜப்பான்காரர்கள் பெண் பிள்ளைகளுக்கென்றே வரைகிற காதல் கதைகளில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. கதாநாயகி மனதில் இருப்பதைச் சொல்லவே மாட்டாள். பள்ளிக்கூட மொட்டை மாடியில் நிற்பாள். காற்றடிக்கும், பூ உதிரும், வாயைத் திறப்பாள், அதற்குள் மணி அடித்துவிடும். அடுத்த வாரமும் அதே மாடி, அதே காற்று. பதினான்கு வயதில் நானும் என் சிநேகிதியும் டீவிக்கு முன்னால் உட்கார்ந்து அவளைத் திட்டாத திட்டு இல்லை. "சொல்லித் தொலையேண்டி" என்று தரையில் அடிப்போம். இப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்குப் பதின்மூன்று வருடம் பிடித்தது. அந்தப் பெண்ணைத் திட்ட இனி எனக்கு வாயில்லை.

கரவனெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பத்து ஒற்றை அறைக் காம்பராக்கள் ஒட்டி நின்ற லயம் எங்களுடையது. மூன்றாவது காம்பரா எங்களுக்கு, நான்காவது சிநேகிதி வீட்டாருக்கு. இடையில் இருந்த சுவர் கூரைவரை ஏறாது. அவர்கள் வீட்டில் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். அவளுடைய அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். டீவி அவர் கொண்டுவந்தது. அவளுடைய அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் சைவம். பண்டிகைப் பலகாரம் இரண்டு பக்கமும் போய் வந்ததால் அந்த வித்தியாசம் எங்களுக்கு லாபமாகத்தான் இருந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு அந்தக் கார்ட்டூன் சிங்களத்தில் வரும். எங்கள் லயத்தில் சிங்களம் தெரியாதவர் யாரும் இல்லை. கடையிலும் பஸ்ஸிலும் அதுதான் பேச்சு. ஆனாலும் சிநேகிதி டீவியின் சத்தத்தை முழுக்க அடைத்துவிடுவாள்.

"சிங்களத்துல அழுதா நம்ம ஆளுகளுக்கு கண்ணுல தண்ணி வராதுடி" என்பாள்.

பிறகு எல்லாக் குரலையும் அவளே கொடுப்பாள். அழுகிற பெண், திமிர் பிடித்த பையன், பொறாமைக்காரத் தோழி, மூக்கால் பேசும் வாத்தியார், நாய்க்குட்டி உட்பட எல்லாம். கதாநாயகிக்கு மட்டும் அவளுடைய சொந்தக் குரல். முகத்தில் பாதி கண்ணாக இருக்கும் அந்தப் பெண், எங்கள் தோட்டத்துத் தமிழில், "நான் ஒன்னும் ஒங்கள நெனச்சுக்கிட்டு இல்லீங்க" என்று சொல்லும்போது, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்து, ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களெல்லாம் மூக்கைச் சிந்துவார்கள். தமிழ்த் தினப் போட்டிக்கு நடுவராக வந்த வானொலிக்காரர் ஒருவர், சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் குரல் தேர்வுக்கு வரச் சொல்லி அவளிடம் முகவரி கொடுத்திருந்தார். அந்தத் துண்டுத்தாளை அவள் வேதாகமத்துக்குள் வைத்திருந்தாள். அவளுடைய எதிர்காலம் என்று எங்களுக்குத் தெரிந்தது அந்தத் துண்டுதான்.

அத்தைக்கு மட்டும் அந்தக் கார்ட்டூன் ஆகாது. "பொம்ம படம்னு பாத்தா முழுக்க லவ்வாத்தான் இருக்கு. இது புள்ளைகள கெடுக்காம விடாது" என்பார். நான் சொல்லப்போகும் நாளன்று காலையிலும் அதற்காக அவளைத் திட்டிவிட்டுத்தான் மலைக்குப் பால் வெட்டப் போனார்.

இனி ஆசிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா, தோட்ட வேலை போக, பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் ஒருவருடைய ரப்பர் மரங்களைப் பாதிப் பங்குக்கு வெட்டி, வீட்டிலேயே ஷீட் அடித்துக் காயப்போடுவார். பாலை உறையவைக்க ஆசிட் வேண்டும். சந்திக் கடை முதலாளி அதை அளந்துதான் கொடுப்பார். போத்தல் நாம் கொண்டுபோக வேண்டும். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அதனால் ஆசிட் போத்தலின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். நடக்கப் பழகும்போதே அதையும் பழக்கிவிடுவார்கள். சிவப்புத் துணியைத் தொட்ட கைக்கு அடி விழும். அப்படி அடி வாங்காத பிள்ளை எங்கள் லயத்தில் இல்லை.

அன்றைக்குக் கதாநாயகி சொல்லிவிடுவாள் என்று முந்தின வாரமே தெரிந்திருந்தது. செத்துப்போன அம்மாவின் சிவப்பு ரிப்பனை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு அவள் மாடிப்படி ஏறுவதோடு போன வாரம் நிறுத்தியிருந்தார்கள். எனக்கு நாள் முழுக்க அந்த ரிப்பன் நினைப்புத்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அப்பா சொன்னபடி கடையில் ஆசிட் வாங்கினேன். மேட்டில் ஏறும்போது போத்தலின் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்தேன். எங்கள் அம்மாவின் பழைய சேலையில் கிழித்தது, நல்ல சிவப்பு. அதை என் தலையில் கட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் திரும்பக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் குற்றத்தின் ஆரம்பம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் சொல்வதற்காவது நன்றாக இருந்திருக்கும்.

லயத்தை நெருங்கும்போதே அவள் குரல் கேட்டது. கார்ட்டூன் தொடங்கிவிட்டது. எங்கள் காம்பராவுக்குப் போகாமல் நேரே அங்கே ஓடினேன். மேல் லயத்தில் ஒரு பிள்ளைக்குச் சடங்கு. பெண்களெல்லாம் அங்கே போயிருந்தார்கள். அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு நாளாகத் தடிமன், மூக்கடைப்பு. எந்த வாசமும் தெரியவில்லை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனாலும் குரலை விடவில்லை. நான் பையையும் போத்தலையும் அவள் பக்கத்தில், அவளுடைய பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவள் என் தலையைப் பார்த்தாள். பையனுக்கும் பெண்ணுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில், "ஏதுடி ரிப்பன்?" என்றாள்.

"தையல் கடையில குடுத்தாங்க" என்றேன். ஆசிட் போத்தல் துணி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கதாநாயகி மாடிக்குப் போய்ச் சேர்ந்தாள். வாயைத் திறந்தாள். விளம்பரம் போட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம். அவள் சிரித்துக்கொண்டே, டீவியைப் பார்த்தபடியே, தண்ணீருக்குக் கையை நீட்டினாள். நானும் விளம்பரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. அது அவள் கொடுத்த எந்தக் குரலும் இல்லை.

நான் கத்தியதில் மேல் லயத்திலிருந்து எல்லாரும் ஓடிவந்தார்கள். அத்தை சடங்குச் சேலையோடு வந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு கீழே ரோட்டுக்கு ஓடினார்கள். த்ரீவீலர் கிளம்பும் சத்தம் கேட்டது. காம்பராவில் நான் மட்டும் நின்றேன். போத்தல் சாய்ந்து கிடந்தது. டீவியில் சத்தமே இல்லாமல் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். நான் தலையிலிருந்த துணியை அவிழ்த்தேன். போத்தலை நிமிர்த்தி அதன் கழுத்தில் இறுக்கிக் கட்டினேன். சின்னப் பிள்ளை, பயத்தில் செய்தாள் என்று என்னை நானே பலமுறை மன்னிக்கப் பார்த்திருக்கிறேன். பயம்தான். ஆனால் எதற்காகக் கட்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. துணி அவிழ்த்தது தெரிந்தால் அப்பா என் தோலை உரித்துவிடுவார்.

திரும்பி வந்தவர்கள் கண்ணில் பட்டது சிவப்புத் துணி கட்டிய போத்தல். எங்கள் பக்கத்தில் அந்தப் போத்தலை எடுத்துக் குடிப்பவர் தாகத்துக்குக் குடிப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் அம்மா திட்டியிருக்கிறாள், பிள்ளை காதல் படமாகப் பார்க்கிறது, எவனையாவது நினைத்திருக்கும். "அந்த ஜப்பான் படந்தான் இவள இப்புடி ஆக்கிருச்சு" என்று பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. போத்தலை அந்த வீட்டில் ஏன் வைத்தாய் என்று அப்பா என்னை இரண்டு அறை அறைந்தார். அத்தோடு என் கணக்கு முடிந்தது.

கரவனெல்லை ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்துக் கழுத்தில் ஒரு தழும்போடு வந்தாள். கஞ்சியும் கரைத்த பிஸ்கட்டும்தான் இறங்கும். பேசினால் காற்றுத்தான் வரும். பக்கத்தில் காதை வைத்தால் அந்தக் காற்றில் சொல் இருப்பது தெரியும். ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். அதனால் கொப்பியில் எழுதினாள். முதலில் எழுதியது இது: போத்தல்ல துணி இல்ல. தண்ணின்னு நெனச்சேன்.

அத்தை அந்தத் தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு பீலியடிக்கு வந்தார். நான் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீதானே கூட இருந்த. சாமி சத்தியமா சொல்லு. போத்தல்ல துணி இருந்துச்சா, இல்லியா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று அந்த முகம் கெஞ்சியது. ஒரே ஒரு சொல் போதும். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"இருந்துச்சு அத்தை" என்றேன்.

 அத்தை குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டுப் போனார்.

சில நாள் கழித்துச் சிநேகிதி என்னிடம் கொப்பியை நீட்டினாள். "நீ பொய் சொல்ல மாட்ட. அப்ப எனக்குத்தான் ஞாபகம் பெசகிருச்சு போல" என்று எழுதியிருந்தாள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைக் கண்டால் அருவருப்பாக இருக்கிறது.

சாகத் துணிந்தது பெரிய பாவம் என்று அத்தை அவளை வேதக் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துப் போனார். பேச முடியாததால் சுவாமியாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. முதல்முறை தண்ணீர் என்று நினைத்ததாகத்தான் எழுதினாளாம். வெளியே அம்மா முழங்காலில் நின்று அழுவதைப் பார்த்தபின், அடுத்த மாதம் போய், சாக நினைத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். "அம்மா அன்னைக்குத்தான் ஒழுங்கா சாப்பிட்டுச்சு" என்று எனக்கு எழுதிக் காட்டினாள். அதன்பிறகு அத்தை டீவியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தார். மகளை எதற்காகவும் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. காலையில் திட்டியதால்தான் பிள்ளை குடித்தாள் என்று அவர் நம்பினார்.

வருடங்கள் போயின. நான் டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் வீட்டில் இருந்தாள். பெண் கேட்டு வந்தவர்கள், ஆசிட் குடித்தவள் என்று கேள்விப்பட்டதும் சந்தியிலேயே திரும்பிப் போனார்கள். போன் வந்தபிறகு அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது, சம்பளமில்லாத வேலை. பெண்களுக்கான அந்த ஜப்பான் தொடர்களுக்குத் தமிழில் வரி எழுதிப் படத்துக்கு அடியில் போட்டுவிடுவாள். யார் யாரோ பார்த்துவிட்டு நன்றி சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். அவள் எழுதியதை நான் சத்தமாக வாசிக்க வேண்டும், வாய்க்கு வருகிறதா என்று பார்ப்பதற்கு. எனக்கு நடிப்பு வராது. கடையில் மருந்துச் சீட்டு வாசிப்பது மாதிரி வாசிப்பேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். உதட்டை அசைத்துக் காட்டுவாள், எங்கே இழுக்க வேண்டும், எங்கே குரல் உடைய வேண்டும் என்று. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் மிச்சம்.

போன வருடம் அத்தை படுக்கையில் விழுந்தார். கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது மகளை வெளியே அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"அவள தனியா விட்றாத. மறுபடியும் எதுவும் பண்ணிக்குவா. எனக்கு அந்தப் பயந்தான்" என்றார்.

அப்போதும் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். மணி அடிக்கவில்லை, யாரும் வரவில்லை, என்னைத் தடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. "நான் பாத்துக்கிறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அத்தையின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்களெல்லாம் போனபிறகு, நாங்கள் இரண்டு பேரும் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவள் போனில் ஒரு தொடருக்கு வரி எழுதிக்கொண்டிருந்தாள். வேறு கதை, வேறு பெண். ஆனால் அதே மொட்டை மாடி. அந்தப் பெண் வாயைத் திறக்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, என்ன சொற்களைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். துணியை அவிழ்த்தது, தலையில் கட்டியது, திரும்பப் போத்தலில் கட்டியது, பீலியடியில் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டிவரும்.

 என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்க மாட்டாளா என்று ஆசையாகவும் இருந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொப்பியை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, இருக்கிற காற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு பேசினாள். காதை வைக்காமலேயே எனக்குக் கேட்டது.

"எங்கம்மா இருக்கப்பவே சொல்லியிருக்கலாமேடி."