அக்கா கேட்டு வாங்கிய கல்யாணப் பைகள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களான உங்களில் பலர் அவர் தூக்கி வளர்த்தவர்கள். சிலர் அவரைக் கேலி பேசியவர்கள். கேலி பேசியவர்களில் முதல் ஆள் நான். அதைச் சொல்லாமல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரி விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதும், படிக்காவிட்டால் தொடையில் கிள்ளியதும் அவர்தான். மணமானபின், முறுக்கு வியாபாரத்துக்காக மாமாவோடு வெளிமாநிலம் போனார். சில ஆண்டுகளில் மாமா இறந்துபோக, ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தார். பிள்ளைகள் இல்லை.

அக்காவுக்குச் சர்க்கரை என்றுதான் உங்களிடம் சொல்லி வந்தோம். அது பொய். மாமாவுக்கு இருந்த எச்.ஐ.வி. அக்காவுக்கும் இருந்தது. மறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவன் நான், அவர் கட்டுப்பட்டார். கடைசி நாட்களில் அவரே சொன்னார்: "நான் போனபெறகு எழுது தம்பி. என்னையப் பத்தி மட்டும் எழுது. மத்தவுக பேரு வரக்கூடாது."

அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆனால் வெறும் வயிற்றில் விழுங்கினால் குடலைப் புரட்டும். கூலி வேலைக்குப் போக உடம்பில் தெம்பில்லாதவர்கள், சாப்பாட்டுக்கு வழியின்றி மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, எண்ணெய், சத்துமாவு கொடுக்கும் ஓர் அமைப்பில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே எல்லாவற்றையும் தங்கள் பெயர் அச்சிட்ட நீலப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் டவுன் பஸ்ஸில் அந்தப் பையோடு ஏறினால், என்ன நோய் என்று வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண், ஊரைச் சொல்லமாட்டேன், காளவாசல் பஸ் நிறுத்தத்திலேயே பையை வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு போனார். அடுத்த மாதம் வரவில்லை. அக்கா தேடிப் போனபோது மாத்திரையை நிறுத்திவிட்டு எலும்பும் தோலுமாகக் கிடந்தார். பையை மாற்றச் சொல்லி அக்கா கேட்டதற்கு, அச்சடித்தது தீரட்டும் என்று பதில் வந்தது.

இந்த நீலப் பைக் கதையெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அக்கா போகிற கல்யாணங்களில் எல்லாம், மாப்பிள்ளை பெண் பெயர் போட்ட மஞ்சள் தாம்பூலப் பைகளில் மிஞ்சிய வெறும் பைகளைக் கேட்டு வாங்கினார். கடைசிப் பந்தி முடியும்வரை காத்திருப்பார். "ஒங்கக்காவுக்கு இம்புட்டுப் பை எதுக்குடா, கடை வைக்கப் போறாளா?" என்று பெரியப்பா என்னிடமே கேட்டார்.

என் மகள் கல்யாணத்திலும் கேட்டார். "மானத்த வாங்காதக்கா. பையத் தொடாத" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். மடித்து வைத்திருந்த பைகளை மேசைமேல் வைத்தார். "வாரேன் தம்பி" என்று சாப்பிடாமலே கிளம்பினார். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்; அது பிறர் ரகசியம்.

கடைசி வருடம் சிறுநீரகம் கெட்டு அக்கா படுத்துவிட்டார். சாமான் வாங்க வர முடியாதவர்களின் வீடுகளுக்கு என்னை அனுப்பினார். பீரோவைத் திறந்தால், அடுக்கடுக்காக நம் வீட்டுக் கல்யாணப் பைகள். அமைப்பிலிருந்து வந்த நீலப் பையில் இருப்பதை அதில் மாற்றச் சொன்னார்.

"இந்தப் பையோட போனா, விசேஷ வீட்டுக்குப் போயிட்டு வாராகன்னு நெனப்பாக. ஒருத்தரும் கேக்க மாட்டாக."

உங்கள் பிள்ளைகள் பெயரெல்லாம் இருந்தது. என் மகள் பெயர் போட்ட பை ஒன்றுகூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது அந்த அமைப்பே பெயரில்லாத பைகளில் கொடுக்கிறது. இனி கல்யாணப் பையைப் பார்த்து யாரையும் அடையாளம் காண முடியாது; அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சோறாக்கிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் சொல்லாமல் நன்றி சொல்ல வேண்டியவர்களும் உண்டு.

அக்கா இறந்த அன்று சிலர் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். உங்களில் யாரும் கவனித்திருக்கமாட்டீர்கள். நான் போய் உள்ளே கூப்பிட்டேன்.

"வந்து அழுதா, நீ யாருன்னு கேப்பாகளேண்ணே" என்றார் ஒரு பெண். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி அரிசியை என் கையில் வைத்தார். "அக்கா குடுத்த அரிசிதான். எங்க எல்லாத்துக்கும் சேத்து வாய்க்கரிசி நீங்க போட்டுருங்க."

வாய்க்கரிசி போட நான் இரண்டாம் முறை வந்தபோது, "நீதான் ஒருக்கப் போட்டுட்டியேடா" என்றார் பெரியப்பா. முதலில் போட்டது என்னுடையது இல்லை.