பேட்டரியைக் குடித்த கறுப்புப் பெட்டி

ஒரு வாரமாகக் காலையில் கார் கிளம்பவில்லை. புது பேட்டரியும் மறுநாளே இறங்கிவிட்டது.

இன்று கசார்வாடியில் ஒரு கார் எலக்ட்ரீஷியன் வண்டியை அணைத்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். அப்போதும் எதுவோ கரண்டை இழுத்துக்கொண்டிருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினார்.

"ஜிபிஎஸ் ஹை மேடம். கிஸ்னே லகாயா?"

யார் மாட்டியிருப்பார்கள்? போலீசுக்குப் போகலாமா என்று யோசிப்பதற்குள் அவர் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

உடனே சாங்வியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அம்மாவின் போன்.

"ஏண்டி, கசார்வாடில நின்னுட்டிருந்த வண்டி திடீர்னு எங்க போச்சு?"

வாட்ஸப்பில் படம் அனுப்பத் தெரியாது என்று தினமும் என்னிடம் போனை நீட்டுகிறவள் இவள்.

எனக்கு வயது நாற்பத்தொன்று. உங்கள் பேட்டரியும் இறங்குகிறதா? முதலில் வீட்டில் விசாரியுங்கள்.