அப்பா சேர்த்துச் சொன்ன இரண்டு எழுத்து

அப்பா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குவோரில் பாதிப் பேர் அப்பாவை உறவுமுறையால் அறிந்தவர்கள். மீதிப் பேர் வானொலியில் கேட்ட குரலாக அறிந்தவர்கள். இரு தரப்பினருக்கும் ஒருவரையொருவர் அதிகம் தெரியாது. ஆகவே உறவினர்களுக்கு ஹாம் வானொலி என்றால் என்னவென்றும், ஹாம் நண்பர்களுக்கு எங்கள் குடும்பத்தில் யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள் என்றும் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. மகள் என்ற முறையில் அந்தப் பொறுப்பை ஏற்கிறேன்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு விவசாயக் குடும்பத்தில் அப்பா பிறந்தார். மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை. மூத்தவர் பெரியப்பா, இளையவர் அத்தை. தாத்தா காலமானபோது அப்பா பள்ளி மாணவர். பெரியப்பா தம் படிப்பை நிறுத்திவிட்டு ஏர் பிடித்தார். மணிலாக் கடலையும் நெல்லும் போட்டு மற்ற இருவரையும் படிக்கவைத்தார். அத்தையின் திருமணத்தை நடத்திவைத்தவரும் அவரே. பின்னால் நான் சொல்லப்போவதைப் படிக்கும்போது இதை மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா வேலூரில் கல்லூரியில் படித்த காலத்தில் அறைத்தோழர் ஒருவர் அவரைத் தம் மாமாவின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே மேசைமேல் ஒரு கருவி இரைந்துகொண்டிருந்தது. இலங்கையின் ஏதோ ஒரு கரையோர ஊரிலிருந்து பேசியவர், தம் ஊரில் மழை பிடித்துக்கொண்டது என்றாராம். அவர் பேச்சை நிறுத்திய இடைவெளியில் அந்த மழை தகரக்கூரையில் விழும் ஓசையும் கேட்டதாம். கம்பியோ கட்டணமோ இல்லாமல் எங்கோ பெய்யும் மழை வேலூரில் ஒரு மேசைமேல் பெய்ததை அப்பா கடைசிவரை வியப்புடன்தான் சொல்வார்.

ஹாம் என்பது இதுதான். அரசு நடத்தும் தேர்வை எழுதி, உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறியைப் பெற்றவர்கள் தம் சொந்தக் கருவியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது. வியாபாரம் பேசக்கூடாது. பேரிடரின்போது உதவ வேண்டும். அப்பா தேர்வில் தேறினார். ஆனால் உரிமத்துக்குக் காவல்துறை விசாரணை உண்டு. ஒருநாள் காலை ஒரு காவலர் அடி அண்ணாமலை வீட்டின்முன் சைக்கிளை நிறுத்தவும் தெருவே கூடிவிட்டது. வயலிலிருந்து ஓடிவந்த பெரியப்பா, தம்பி எந்தத் தப்பும் செய்யவில்லை, சும்மா பேசுவதற்குத்தான் லைசென்ஸ் கேட்கிறான் என்று கும்பிட்டிருக்கிறார். காவலர் அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேசறதுக்கு லைசென்சா? எங்க வூட்டுல எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றாராம். பெரியப்பா இதை எங்களுக்குச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தக் காவலரின் மீசை கொஞ்சம் பெரிதாகும்.

பிறகு அப்பாவுக்கு வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கேயே வீடு கட்டினார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பின்புற வேப்பமரம் வரை ஆன்டெனாக் கம்பி ஓடியது. அம்மா புதுமணப்பெண்ணாக வந்தபோது அதைக் கொடிக்கம்பி என்று நினைத்து ஈரப் புடவைகளைக் காயப்போட்டுவிட்டார். அன்று காலை அப்பாவோடு பேசிக்கொண்டிருந்த விசாகப்பட்டினத்து நண்பர், உங்கள் குரல் திடீரென்று தேய்ந்துவிட்டதே என்று வருத்தப்பட்டாராம்.

என் சிறுவயதின் காலைகள் அந்தக் கருவியின் இரைச்சலில்தான் விடிந்தன. ஹாம் சங்க உறுப்பினர்கள் நாள்தோறும் காலையில் ஒரே அலைவரிசையில் கூடி வருகை சொல்வார்கள். வீட்டில் ஒற்றைச் சொல்லில் பேசும் அப்பா அங்கே முழு வாக்கியங்களாகப் பேசுவார். ஒவ்வொருவரின் ஊர், உடல்நலம், வானிலை எல்லாவற்றையும் விசாரிப்பார். பேசி முடித்ததன் அடையாளமாக ‘ஓவர்’ சொல்லும் பழக்கம் தொலைபேசியிலும் அவரை விடவில்லை. சிலிண்டர் பதிவு செய்தபின் ஓவர் என்பார். தெருவில் போகும் கீரைக்காரரிடம் விலை கேட்டுவிட்டும் ஓவர் என்பார். "எல்லாமே ஓவராத்தான் போவுது" என்று அம்மா அடுக்களையிலிருந்து முடித்துவைப்பார்.

சங்கத்தில் அப்பாவுக்கு ‘கியூஎஸ்பி’ என்ற பெயர் உண்டு என்பதை உறவினர்கள் அறிய மாட்டீர்கள். ஒருவர் பேசுவதை, அது எட்டாத இன்னொருவருக்கு எடுத்துச் சொல்வதற்கான ஹாம் குறிச்சொல் அது. தீபத்தன்றும் பௌர்ணமிகளிலும் கூட்டத்தின் நெரிசலில் கைபேசிகள் செயலிழந்துபோகும். அப்போது காணாமற்போன குழந்தைகள், மயங்கி விழுந்தவர்கள், ஆம்புலன்ஸ் பற்றிய செய்திகளை எங்கள் ஊர்ச் சங்கத்தினர் கைக்கருவிகளில் கடத்துவார்கள். ஆனால் நடுவில் மலை இருக்கிறது. அடி அண்ணாமலையிலிருந்து பேசுவது கோயில் பக்கத்துக்குக் கேட்காது. கோயில் பக்கத்தில் பேசுவது அங்கே கேட்காது. செங்கம் சாலையிலிருந்து கிரிவலப் பாதை பிரிகிற முனையில் நின்றால் மட்டும் இரண்டும் கேட்கும். அப்பா நின்றது அந்த முனையில். ஒரு காதில் கேட்டதை மறுபக்கத்துக்குச் சொல்வதே அவர் வேலை.

அதில் அப்பா ஒரே ஒருமுறை தவறினார். சங்கத்தில் சேர்ந்த புதிதில், ஒரு தீபத்தன்று பிற்பகல், ஜடை போட்டுப் பூ வைத்த மூன்று வயதுக் குழந்தை, சிவப்புச் சட்டை, அடி அண்ணாமலையில் தனியாக நிற்கிறது என்று செய்தி வந்தது. அப்பா அதைப் பெண் குழந்தை என்று சேர்த்துச் சொன்னார். ஒலிபெருக்கியிலும் அப்படியே அறிவித்தார்கள். அது மொட்டை வேண்டுதலுக்காக முடி வளர்த்த ஆண் குழந்தை. பெற்றோர் அந்த அறிவிப்பைக் கேட்டபடியே, நம் பிள்ளை இல்லை என்று, அழுதுகொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறார்கள். பிள்ளை கிடைத்த பிறகு அந்தத் தாய் அப்பாவை ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தால் தேவலை என்பார் அப்பா. அதன்பின் கேட்டதற்கு மேல் ஒரு சொல்லையும் அவர் கடத்தியதில்லை.

இனி, ஹாம் நண்பர்களுக்கு.

அத்தை தம் கணவரோடு ரமணாசிரமம் பகுதியில், வெளியூரிலிருந்து வருவோருக்கு அறைகளை வாடகைக்கு விட்டு வாழ்பவர். அவர் மகளின் திருமணத்தில், மூத்த தாய்மாமனான பெரியப்பா போட வேண்டிய மாலையை மாப்பிள்ளை வீட்டார் அவசரத்தில் வேறொருவரைப் போடவைத்துவிட்டார்கள். பெரியப்பா பந்தியில் உட்காராமல் எழுந்து போனார். மாலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது அவர் குறை. என் பெண் கல்யாணத்தில் கை நனைக்காமல் போனாரே என்பது அத்தையின் குறை. இரண்டும் நியாயமான குறைகள். அதனாலேயே இரண்டும் தீரவில்லை.

அன்றிலிருந்து பெரியப்பா சொல்வதை அத்தைக்கும், அத்தை சொல்வதைப் பெரியப்பாவுக்கும் அப்பாதான் சொல்லிவந்தார். கிணற்று மோட்டார் பழுதானதும், அத்தையின் முழங்கால் வலியும், பாட்டியின் திதி நாளும் வேங்கிக்கால் வழியாகத்தான் போய்வந்தன. அப்பா கோபத்தையும் கோபமாகவே கடத்துவார். ஒருமுறை அம்மா பொறுக்காமல், "கொஞ்சம் நல்லவிதமா மாத்திச் சொன்னா இன்னா கொறைஞ்சா பூடும்?" என்று கேட்டார். மாற்றிச் சொன்னால் அது தம் பேச்சாகிவிடும், அவர்கள் பேச்சாக இருக்காது என்று அப்பா பதில் சொன்னார்.

அத்தை பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருபவர். பாதை அவர் பிறந்த வீட்டின் முன்னால்தான் போகிறது. பெரியப்பா வாசலில் தண்ணீர்த் தொட்டி வைத்து நடந்துவருவோருக்குச் சொம்பில் மொண்டு தருவார். அத்தை அந்த இடம் வந்ததும் மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

அப்பாவின் நுரையீரல் நோய் முற்றியபோது எங்கள் எல்லோருக்கும் இருந்த கவலையோடு அவருக்கு மட்டும் இன்னொன்றும் இருந்தது. தமக்குப் பிறகு இந்த இருவருக்கும் நடுவில் யாரும் இல்லை. அதை அவர் வாயால் சொன்னதில்லை. பெரியப்பா காலையில் வந்துபோவார். அத்தை மாலையில் வருவார். வாசலில்கூட இருவரும் எதிர்ப்பட்டுவிடாதபடி அம்மா பார்த்துக்கொண்டார். மூச்சு வாங்க வாங்க அப்பா செய்திகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு பௌர்ணமிக்கு முன்னால் பெரியப்பா வந்திருந்தார். புறப்படும்போது, "கிரிவலம் வருவா இல்ல? நம்ம வூட்டாண்ட கால்வாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கறாங்க. பாத்துப் போவச் சொல்லு" என்றார். நான் அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாலையில் அத்தை வந்தார். அப்பா தலையணையில் சற்று நிமிர்ந்துகொண்டு, "அண்ணன் சொன்னாரு. நம்ம வூட்டாண்ட பள்ளம் தோண்டியிருக்குதாம். பாத்துட்டுப் போவச் சொன்னாரு" என்றார்.

பார்த்துப் போ என்றால் எச்சரிக்கை. பார்த்துவிட்டுப் போ என்றால் அழைப்பு. பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ‘ட்டு’ என்ற இரண்டு எழுத்துதான். மூச்சுத் திணறலில் வாய் குழறியிருக்கும் என்றே நான் முதலில் நினைத்தேன். அத்தையும் நம்பாமல், என்ன சொன்னார் என்று திரும்பக் கேட்டார். முக்கியமான சொல்லை இருமுறை சொல்வது ஹாம் வழக்கம். அப்பா நிறுத்தி, "பாத்துட்டு. பாத்துட்டுப் போவச் சொன்னாரு" என்றார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அத்தை, கஞ்சி குடித்தாயா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பௌர்ணமிக்கு அத்தையோடு நானும் நடந்தேன். முழங்கால் வலியால் அவர் பிற்பகலிலேயே புறப்பட்டுவிடுவார். வெயில் தாழும் நேரத்தில் அடி அண்ணாமலைக்கு வந்துவிட்டோம். பெரியப்பா சொம்போடு நின்றிருந்தார். வீட்டுக்கும் பாதைக்கும் நடுவில் பள்ளம். அதன்மேல் ஒரு பலகை. அத்தை பள்ளத்தின் இந்தப் பக்கத்தில் நின்றார்.

"பாத்துட்டுப் போவச் சொன்னியாமே. பாத்துட்டேன். போறேன்."

பெரியப்பா அத்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் அப்படிச் சொல்லவில்லையே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். தண்ணீருக்காகக் கை நீட்டிய யாரோ ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஊற்றி முடித்தார். பிறகு சொம்பைத் தொட்டிமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"அந்தாண்ட நின்னுகினு பாத்தா இன்னா தெரியும்? பலகை போட்டிருக்குது, ஏறி வா."

சொல்லிவிட்டு, பலகை ஆடாமல் இருக்க அதன் மறுமுனையில் காலை அழுத்திக்கொண்டு நின்றார். அத்தை கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆடுதுண்ணா" என்றார். "ஆடாது, வா" என்றார் பெரியப்பா. பெரியம்மா உள்ளேயிருந்து வந்து அத்தையின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டார். அன்று அந்த வீட்டில் அத்தை சாப்பிட்டார். மழை இல்லாததைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

மறுநாள் பெரியப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டிலருகில் உட்கார்ந்து, "ஏன்டா, நான் இன்னா சொன்னேன், நீ இன்னா சொன்ன?" என்று கேட்டார்.

"எனக்கு அப்பிடித்தாண்ணா காதுல உழுந்துச்சு" என்றார் அப்பா.

"உன் காதுலயா?"

பெரியப்பா அப்பாவின் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அமுக்கத் தொடங்கினார்.

கடைசி நாள்களில், மருத்துவமனையில், இருவரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். அப்பாவுக்கு அப்போது பேச்சு நின்றுவிட்டது. கஞ்சியில் உப்பு போடலாமா கூடாதா என்று கட்டிலின் இரு பக்கமும் நின்று இருவரும் வாதாடியதில், செவிலியர் வந்து வெளியே போய்ப் பேசச் சொன்னார். போனார்கள்; நடைபாதையில் தொடர்ந்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நேயர் ஒருவரின் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்று பார்த்தேன்.

அப்பாவின் உடலை எடுத்துச் சென்ற மறுநாள் காலை, சங்கத்தினர் வழக்கமான நேரத்தில் அலைவரிசையில் கூடி அப்பாவின் அழைப்புக்குறியை மூன்று முறை கூப்பிட்டு, பதிலுக்காகக் காத்திருந்து, பிறகு மௌனம் காத்தார்கள். அது அவர்கள் மரபு. அப்பாவின் கருவியில் அதைக் கேட்கச் செய்த நண்பருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. நோயின் காலத்தில் ஆக்சிஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிவந்த பக்கத்து வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேப்பமரத்திலிருந்து கம்பியை அவிழ்த்து, கருவிகளைச் சங்கத்துக்கு எடுத்துச் சென்று பயன்படுத்தும் நண்பர்களுக்கும், தங்கள் பிணக்கை இங்கே எழுத மனம் ஒப்பிய பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் வணக்கத்துடன் நன்றி சொல்கிறோம்.

முதலாண்டு நினைவு நாளின் ஏற்பாடுகளைப் பெரியப்பாவும் அத்தையும் தங்களுக்குள்ளேயே தொலைபேசியில் பேசி முடித்துவிட்டார்கள். சமையல்காரர் யார், எந்த நேரத்தில் படையல் என்பதெல்லாம், பாத்திரக் கணக்குக் கேட்க வந்த சமையல்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு இப்போது செய்திகள் கடைசியாகத்தான் வருகின்றன. "நம்மள ஒரு வார்த்தை கேக்கலியே" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார். பிறகு அப்பாவின் படத்தைத் துடைக்கப் போனவர் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார்.