அண்ணாச்சி கட்டிய தோட்டா, மதினி சுட்ட குறி

பாளையம்பட்டி நிறுத்தத்தில் டவுன் பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் படியில் நின்றபடியே என்னிடம் சொன்னார்: "உங்க ரைபிள் கிளப் அண்ணாச்சி காலையில போயிட்டாகளாம். அவுக வீட்டு வாசல்ல ஒரே கூட்டம்." நான் ஏற வேண்டிய பஸ் அது. ஏறத் தோன்றவில்லை. பஸ் போன பிறகு தார்ச்சாலையில் வெயில் தண்ணீராக அசைந்தது. அதற்குள்ளிருந்து யாரோ வெள்ளை வேட்டியோடு வருவதுபோல் தெரிந்தது. வருவது யாரென்று பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன். யாரும் வரவில்லை.

ரங்கசாமி அண்ணாச்சியை ஊரில் பலருக்குப் பஞ்சு வியாபாரியாகத் தெரியும். கிளப்பில் கூட இருந்த நண்பர்களே, உங்களுக்கும் எனக்கும்தான் அவர் வேறு ஆள். சீனப் போருக்குப் பிறகு ஊருக்கு ஊர் துப்பாக்கிப் பயிற்சிக் கழகம் வைத்தபோது அருப்புக்கோட்டையிலும் ஒன்று தொடங்கினோம். நான் செயலாளர். திருச்சுழி சாலையில் வற்றிக் கிடந்த கண்மாய்தான் எங்கள் மைதானம். அண்ணாச்சி ஞாயிறுதோறும் தம் ரைபிளோடு வருவார். கூடவே ரங்கநாயகி மதினியும் வருவார். உடைமர நிழலில் உட்கார்ந்து, தொலைநோக்கியில் பார்த்து, குண்டு எங்கே பட்டது என்று கணவருக்குச் சொல்வார்.

வெளிநாட்டுத் தோட்டா வரத்து நின்றுபோனதும், சுட்டுக் காலியான பித்தளைக் கூடுகளிலேயே மறுபடி தோட்டா கட்டிக்கொள்ள அண்ணாச்சி அனுமதி வாங்கினார். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மேனேஜரிடமிருந்து, கையால் அமுக்கும் பிரஸ்ஸும், 'டை' என்கிற எஃகு அச்சும் அவருக்குக் கிடைத்திருந்தன. சுடும்போது பித்தளைக் கூடு உப்பி, துப்பாக்கியின் உள்ளறை அளவுக்கு விரிந்துவிடும். அதை டைக்குள் விட்டு அமுக்கிச் சிறுக்க வைக்க வேண்டும். டையை அடிவரை முறுக்கி வைத்து ஒரே அமுக்காக அமுக்குவதுதான் பலர் வழக்கம். அண்ணாச்சி டையை மேலேயே நிறுத்துவார். கூட்டின் கழுத்தை விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, டைக்குள் விட்டு எடுத்து, கரி எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்ப்பார். டையை ஒரு மயிரிழை இறக்குவார். மறுபடி புகை, மறுபடி டை. கூட்டைத் துப்பாக்கியில் வைத்து, உள்ளறையை அடைக்கும் போல்ட் என்கிற தண்டை மூடும்போது விரலுக்கு லேசாக ஒரு தடை தெரிய வேண்டும். தெரிந்ததும் டையைப் பூட்டிவிடுவார்.

"ரொம்ப அமுக்குனா கூடு உள்ள ஆடும். நாலு வாட்டி சுட்டா அத்தும் போகும். அதுக்கு எம்புட்டு இடம் இருக்கோ, அம்புட்டுக்குக் கொண்டாந்தாப் போதும்" என்பார்.

என்னிடமும் அதே வகை ரைபிள்தான். ஒருநாள் அவரிடம் நாலு தோட்டா வாங்கி என் துப்பாக்கியில் போட்டேன். போல்ட் முழுதாக மூடவில்லை. உள்ளங்கையால் தட்டப் போனேன். அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, முரட்டுத்தனம் வேண்டாம். உங்க கூட்டைக் கொண்டாங்க, உங்களுதுக்குத் தனியா டை வச்சுத் தாரேன்." அன்று பகல் முழுவதும் அவர் வீட்டில், கரிப்புகை வாசனையில், என் துப்பாக்கிக்கு அளவு பிடித்துக்கொண்டிருந்தோம். வெளியே தெருவில் தறிச் சத்தம் கேட்டபடி இருந்தது. நேரம் போனதே தெரியவில்லை.

பிறகு ஒரு கோடையில், கானல் அலையில் குறித்தட்டி மிதந்துகொண்டிருந்த காலை அது. அண்ணாச்சி குப்புறப் படுத்து, மூச்சை நிறுத்தி, விசையில் விரலை வைத்துவிட்டார். சுடும் நேரத்தில் எச்சரிக்கைக்கு நட்டுவைக்கும் சிவப்புக் கொடியைத் தாண்டி ஒரு ஆட்டுக்காரர் கண்மாய்க் கரைமேல் ஏறிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. "ஆகண்டி!" என்று மதினி அலறினார். வெளியில் தமிழே பேசுகிறவர், அன்று வீட்டுத் தெலுங்கில் 'நில்லுங்கள்' என்று கத்தினார். விரல் விலகியது. கரையின்மேல் அந்த மனிதர் தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு நடந்து போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"யாரு? எங்க?" என்றார் அண்ணாச்சி. நேர் எதிரே போய்க்கொண்டிருந்தவரை அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே பார்வை மங்கிக்கொண்டு வந்திருக்கிறது, சொல்லாமல் இருந்திருக்கிறார். எழுந்தார். போல்ட்டை உருவி மதினியின் மடியில் வைத்தார். "இனிமே எனக்கு இது ஆகாது, நாயகி."

மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போய், தமக்குப் பார்வை போகிறது என்று அவரே சொன்னார். ரைபிள் மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்கப்பட்டது. மதுரை டாக்டர்கள் கைவிரித்தார்கள். மழைக்காலத்துக்குள் வெளிச்சம் மட்டுமே அவருக்கு மிஞ்சியது. அப்போதுதான் மதினி தம் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு எழுதினார். விசாரணைக்கு நானும் கூடப் போனேன். "பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்றார் அதிகாரி. மதினி யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டுக்காரவுக தோட்டா கட்டாம இருந்தா சோறு இறங்க மாட்டேங்குது சார். கட்டுனா யாராச்சும் சுடணும்ல?" அதிகாரி சிரித்துவிட்டார். ஆனாலும் லைசென்ஸ் வர ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. அதன்பிறகுதான் ரைபிள் மதுரைக் கடையிலிருந்து வீடு திரும்பியது.

கண் தெரியாதவர் கட்டிய தோட்டாவை மைதானத்தில் அனுமதிக்கலாமா என்று கிளப்பில் கேட்டீர்கள். "கேக்குறது நியாயம்தானே?" என்றார் அண்ணாச்சி. வெடிமருந்தை மதினி நிறுப்பார், நான் சரிபார்ப்பேன், கூட்டை அமுக்குவது மட்டும் அவர் என்று முடிவானது. புகைக்கரியைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை. டையைத் திருகி ஒரு கூட்டை அமுக்கித் தருவார். மதினி அதை ரைபிளில் வைத்து, அவர் கையை எடுத்து போல்ட்மேல் வைப்பார். முதல்நாள் டை அதிகம் இறங்கிவிட்டது. போல்ட் தடையே இல்லாமல் விழுந்தது. அமுக்கிய கூடுகளையெல்லாம் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கச் சொல்லிவிட்டு, அன்று முழுக்கப் படுத்தே கிடந்தார். மதினி கூப்பிடவில்லை. மறுவாரம் தாமாகவே எழுந்து வந்து பிரஸ்ஸைத் தடவினார். கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் ஏற்றி, போல்ட்மேல் கை வைத்து, முகத்தை மேலே தூக்கியபடி இருந்தவர், "இந்தா, இங்கதான் இருக்கு" என்றார். தூக்கத்தில் பேசுகிறவர் குரல்போல இருந்தது.

மதினி மைதானத்தில் முதன்முதலாகச் சுட்ட அன்று காற்றே இல்லை. ஐந்து குண்டு. குறி அட்டையைக் கொண்டுவந்து அண்ணாச்சியின் மடியில் விரித்தார். அவருடைய விரலைப் பிடித்து, கிழிந்த ஓட்டையின் விளிம்பில் வைத்தார்.

"இது ஒண்ணா?"

"மூணு."

விரல் நெடுநேரம் அதையே சுற்றியது. "மத்த ரெண்டு?"

மதினி விரலை நகர்த்தினார். "இங்க ஒண்ணு. இந்தா, இங்க ஒண்ணு."

"அந்த ரெண்டும் உன் தப்பு" என்றார். இருவரும் சிரித்ததில் உடைமரத்து மைனாக்கள் பறந்துபோயின. கண் கலங்கியதை மறைக்க நம்மில் பலரும் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அதன்பிறகு சில வருஷங்கள் மதினி சுட்டார். மதுரைப் போட்டிக்கும் போனார், பரிசு வாங்கினார், வாங்காமலும் வந்தார். அண்ணாச்சிக்கு இரண்டும் ஒன்றுதான். மைதானத்திலிருந்து சாலைவரை கரிசல் வழியே அவரை நான் கூட்டிவருவேன். என் தோளில் கை வைத்து நடப்பார். "தம்பி, என்ன தெரியுது? சொல்லிக்கிட்டே வாங்க" என்பார். நான் பருத்தி வெடித்திருப்பதைச் சொல்வேன், குண்டாற்றுப் பக்கம் மேகம் இறங்குவதைச் சொல்வேன். "என்ன கலரு?" என்று விடமாட்டார். சாம்பல் என்பேன். "சாம்பல்னா விறகுச் சாம்பலா, வறட்டிச் சாம்பலா?" நின்று பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதுவரை அந்த வானத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

அடக்கம் முடிந்து திரும்பியபோது சாயங்காலம். கரிசல் வழியே தனியாக வந்தேன். மேற்கே மேகம் கட்டியிருந்தது. "வறட்டிச் சாம்பல், அண்ணாச்சி. அடியில மட்டும் கொஞ்சம் செவப்பு" என்றேன், வாய்விட்டு. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பழக்கம்தான். இதை நான் விடப்போவதில்லை.