தொண்டைமேல் வைத்த கை

கோட்டுச்சேரியில் நான் முதல் தெருவில் கூவினால் மூன்றாம் தெருவில் மீன்சட்டியைக் கழுவி வைத்துவிடுவார்கள். அப்படியொரு தொண்டை எனக்கு. அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இருபது வருஷம் மீன் விற்றவள் நான். அடக்கமாகப் பேசு என்று சொன்னவர்களுக்கு நல்ல மீனாகக் கொடுத்ததும் இல்லை.

இந்தத் தொண்டையைப் பார்த்துத்தான் அண்ணி என்னை வீட்டுக்கு மருமகளாகத் தேர்ந்தெடுத்தார். பார்த்து என்று எழுதிவிட்டேன். அவருக்குக் கண் தெரியாது. காதும் கேட்காது.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது போனது. இருபதுக்கு மேல் பார்வை மங்கத் தொடங்கி, முப்பதில் முழுவதும் போய்விட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அத்தனை பேர் நடுவில் தட்டுத் தடுமாறி எழுந்து வந்து என் கழுத்தில் கையை வைத்தார். என் அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. "யம்மாடி! கல்யாணத்துக்கு முன்னாடியே கழுத்தை நெரிக்கிறாங்களே!" என்று நான் கத்தினேன். அண்ணி கையை எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஏதோ குழறினார். காது போன பிறகு அவர் பேச்சு வீட்டாருக்கு மட்டும்தான் விளங்கும். என் கணவர்தான் கூச்சத்தோடு சொன்னார்: "இவ போதும்ங்கிறாங்க. நல்லா அதிருதாம்."

அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் உள்ளங்கையில் விரலால் எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக, அதே இடத்தில். தப்பாக எழுதினால் கையால் வழித்துத் துடைக்க வேண்டும். புரிந்துவிட்டால் அவர் இரண்டு தட்டுத் தட்டுவார். என் விரல் பக்கத்தில் போகும்போதே முகர்ந்துவிட்டு, "இன்னைக்கு மத்தியா?" என்பார். முதல் வருஷம் எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை. கோபம் வந்தால் உள்ளங்கையை மூடிக்கொள்வார். மூடிய கையோடு என்ன சண்டை போடுவது? வாயால் ஊரை வென்ற நான் அந்த வீட்டில் தினம் தோற்றேன்.

அவருக்குப் பார்வையற்றவர் என்று அட்டை கொடுத்திருந்தார்கள். ஒரு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு, சால்வை போட்டு, பேசும் கடிகாரம் ஒன்றும் கொடுத்தார்கள். பொத்தானை அழுத்தினால் அது மணி சொல்லும். காது கேட்காதவருக்கு! வீட்டுக்கு வந்து அதைக் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார் அண்ணி. "பாவம், யாருகிட்டயோ பேசிக்கிட்டே இருக்கு" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கண்ணும் இல்ல, காதும் இல்லன்னு சேத்து எழுதுற வரைக்கும் இப்படித்தான் குடுப்பாங்க. நாளைக்கு வா, போவோம்" என்றார்.

அந்த 'நாளைக்கு' இரண்டு வருஷம் நீண்டது. எங்கள் காரைக்காலில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஃபைல் பாண்டிச்சேரிக்குப் போயிருக்கு." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. மீன் விற்று முடித்து, குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு அண்ணியைக் கூட்டிப் போவேன். பஸ்ஸில் ஆட்கள் எங்கள் கைகளையே பார்ப்பார்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்து எழுதிய அட்டை வந்தது. காரைக்காலில் அப்படி எழுதி வாங்கிய முதல் ஆள் எங்கள் அண்ணி. கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விட்டால் அவர் அண்ணியா?

கோட்டுச்சேரியில் நான் வழக்கமாக மீன் போடும் ஒரு வீடு உண்டு. வயல்வேலை பார்க்கும் குடும்பம். ஒருநாள் கூடையை இறக்கியதும் ஆறு வயதுப் பெண் ஒருத்தி தவழ்ந்து வந்து, சங்கரா மீனைத் தலையிலிருந்து வால்வரை தடவினாள். நான் "ஏய் பாப்பா, முள்ளு!" என்று போட்ட சத்தத்துக்கு அவள் திரும்பவே இல்லை. அவள் அம்மா ஓடி வந்து தூக்கினாள். போன வருஷம் வந்த மூளைக்காய்ச்சல் கண், காது இரண்டையும் கொண்டுபோய்விட்டதாம். "பள்ளிக்கொடத்துல சேக்கலியா?" என்றேன். அந்தத் தாய் அழுதேவிட்டாள். "கண்ணு தெரியாத புள்ளைங்க பள்ளிக்கொடத்துல காது கேக்கணுங்கிறாங்க. காது கேக்காத புள்ளைங்க பள்ளிக்கொடத்துல கண்ணு தெரியணுங்கிறாங்க. நாகப்பட்டினம் பக்கம் போனா நீங்க வேற ஸ்டேட்டுங்கிறாங்க. நான் எங்கக்கா போவேன்?"

அன்று சாயங்காலம் இதை அண்ணியின் கையில் எழுதினேன். எழுதி முடிக்கும் முன்பே இரண்டு தட்டுத் தட்டினார். அண்ணிக்கு எழுத்து தெரிந்த பிறகுதான் காது போனது. இந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. இப்போது விட்டால் உலகத்தோடு பேச அவளுக்கு ஒரு வழியும் இருக்காது. மறுநாளே கோட்டுச்சேரிக்குப் போய் அந்தக் குழந்தையின் விரலைத் தன் விரலோடு கோத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வரும்போது, "அதே ஊருப் பள்ளிக்கொடத்துல சேக்கணும். கையில எழுதிச் சொல்லித்தர தனியா ஒரு டீச்சர் வரணும். அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானாம்!

மனு, மேல்மனு, ஞாபகமனு. ஒரு வருஷம் போனது. பிறகு ஒரு குறைகேட்பு நாளில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். குளிர்ந்த அறை, கண்ணாடி மேசை, சுற்றிலும் பத்துப் பேர். அம்மா மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. அண்ணி என் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு பேசினார். அவர் குழறுவதை நான் உரக்கச் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம்.

அண்ணி சொன்னது இது: "எனக்குப் பேசுற வாட்ச் குடுத்தீங்க. நான் என்னத்தைக் கேக்குறது? இந்தப் புள்ளைக்கும் சால்வையும் வாட்சும் குடுத்து அனுப்பிராதீங்க. டீச்சர் குடுங்க. இல்லாட்டி ஏன் முடியாதுன்னு எழுதிக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு வாங்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

நான் சொன்னது இது: "ஐயா, அண்ணி உங்களுக்கு நன்றி சொல்றாங்க. பாப்பாவுக்கு ஏதாச்சும் பாத்துச் செய்யுங்கய்யா."

வெட்கக்கேடு. கடைத்தெருவில் புலியாக நிற்பவள் அந்த அறையில் பெட்டிப்பாம்பாக அடங்கிப்போனேன். அதிகாரி தலையை ஆட்டி அடுத்த மனுவை எடுத்தார். அண்ணியின் விரல்கள் மட்டும் என் கழுத்தை விடவில்லை. கழுத்துச் சதையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் அஞ்சாறு வரி சொன்னேன். உன் தொண்டை ரெண்டு வரிதான் ஆடுச்சு" என்றார். "மிச்சத்தை யாருக்கு வச்சிருக்க? முழுசா சொல்லு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று அதிகாரி கேட்டார். அதற்கு மேல் எங்கே ஒளிவது? "நான் குறைச்சுச் சொல்லிட்டேன்யா. அவங்க சொன்னது வேற" என்று ஆரம்பித்தேன். வாட்சிலிருந்து தொடங்கி எந்திரிக்க மாட்டேன் வரைக்கும், கோட்டுச்சேரித் தெருவில் கூவும் குரலிலேயே சொன்னேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அண்ணி இரண்டு தட்டுத் தட்டினார்.

அதிகாரி என்னிடம், "பாண்டிச்சேரிக்கு எழுதுறோம்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். அதை நான் கையில் எழுதியதும் அண்ணி மேசைக்கு மேல் அவரிடமே உள்ளங்கையை நீட்டினார். அந்த மனிதர் நல்லவர்தான். எழுந்து வந்து, அதையே பள்ளிப் பிள்ளை மாதிரி மெதுவாக எழுதினார். இரண்டு எழுத்தைத் தப்பாக எழுதி, நான் காட்டியபடி வழித்துத் துடைத்துவிட்டுத் திரும்ப எழுதினார்.

உடனே டீச்சர் வந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் நடந்தோம். அண்ணிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஆனால் டீச்சர் வந்தார். எட்டாம் வகுப்பு வரைக்கும் என்று உத்தரவு. ஒன்பது வயதில் அந்தப் பெண் தன் பெயரை அண்ணியின் கையில் எழுதிய அன்று, அண்ணி அந்தக் கையை மூடிக்கொண்டு ராத்திரிவரை திறக்கவில்லை. சோற்றை இடது கையால் தின்றார். நான் திட்டவில்லை.

போன வருஷம் தை மாதம் அண்ணி போய்விட்டார். உயிரோடு இருந்தபோது வாசலில் நிற்க வைத்தவர்களெல்லாம் சேர்ந்து டவுனில் ஒரு மண்டபத்தில் நினைவுக்கூட்டம் வைத்தார்கள். பெரிய படம், பெரிய மாலை. முன்வரிசையில் என் பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயது ஆகிவிட்டது. எட்டாம் வகுப்பை முடிக்கும் நேரம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் ஊன்றியிருந்தாள்.

மேடையில் ஒரு பெரியவர் பேசினார். "அந்த அம்மையார் வாய் திறந்து கேட்கும் முன்பே நாங்கள் எல்லாவற்றையும் செய்து கொடுத்தோம்" என்றார். கைதட்டல். என்ன பேசுகிறார் என்று அவள் கையை நீட்டினாள். அண்ணியை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். 'அத்தையைப் புகழ்றாங்க' என்று எழுதி நிறுத்தினேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது. எதற்கு வம்பு என்றும் தோன்றியது.

அவள் தட்டவில்லை. "ஸ்பீக்கர் இன்னும் அதிருது. இவ்வளவு நேரம் இது ஒண்ணையா பேசினாங்க? முழுசா எழுதுங்க" என்றாள். அண்ணியைப் போலவே அவள் பேச்சும் வெளியாருக்கு விளங்காது. எழுதினேன். ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன்.

அவள் எழுந்து நின்றாள். "பொய். அத்தை மூணு வருஷம் நடந்தாங்க. சொல்லுங்க. ஒம்பதாங் கிளாசுக்கும் எனக்கு டீச்சர் வேணும். அதையும் சொல்லுங்க" என்றாள். அவள் கை என் கழுத்தைத் தேடி வந்து அமர்ந்தது. பின்னாலிருந்து அவள் அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம் என்கிறாள்.

நானும் எழுந்தேன்.

"பொய்யாம்!" என்றேன். எனக்கு மைக் தேவைப்படவில்லை. பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மூன்று வருஷத்தையும் சொன்னேன். பாண்டிச்சேரிக்குப் போன ஃபைலைச் சொன்னேன். அண்ணியின் முழங்காலைச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பைச் சொன்னேன். கடைசி வரி முடியும்வரை அவள் கை அசையவே இல்லை. முடிந்ததும், என் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.